வாக்களிக்க மாட்டேன் என்பவரிடம் பேசுவது எப்படி

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ ஒருவராவது "இந்தத் தடவை நான் ஓட்டுப் போடப் போவதில்லை" என்று சொல்லிவிடுகிறார். உடனே சுற்றியிருப்பவர்கள் ஜனநாயகக் கடமையைப் பற்றி அவருக்குப் பாடம் நடத்தத் தொடங்குவதும், அவர் பிடிவாதமாகிப் பேச்சை வேறு பக்கம் திருப்புவதும் வழக்கமாக நடப்பவை. கடமை என்ற சொல்லை அவர் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வருகிறார். அது போதுமானதாக இருந்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. அவரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லாமல் இருப்பது நல்லது, சொல்வதற்குக் கையில் என்னென்ன ஆதாரங்கள் இருக்கின்றன என்பவற்றை இந்த வழிகாட்டி விளக்குகிறது. யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்ற கேள்வியை முழுக்க வெளியே வைத்துவிட்டுப் பேசுவதாக இருந்தால் மட்டுமே இது பயன்படும். உங்கள் கட்சிக்கு ஆள் சேர்க்கிறீர்கள் என்ற ஐயம் அவருக்கு ஒருமுறை வந்துவிட்டால், அதன்பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது.

முதலில் நீங்கள் பேசாமல் அவரைப் பேசவிடுங்கள். வாக்களிக்க மறுப்பவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காக மறுப்பதில்லை. தன் ஒரு வாக்கால் எதுவும் மாறாது என்பவர் ஒருவர். யார் வந்தாலும் ஒன்றுதான் என்பவர் இன்னொருவர். தேர்தலே ஏமாற்று வேலை என்பவர் வேறொருவர். எதுவும் தெரியாமல் போய் எதையாவது அழுத்திவிட்டு வருவதில் என்ன பொருள் என்று நேர்மையாகத் தயங்குபவர்களும் உண்டு. ஒருவருக்கு உரிய பதிலை இன்னொருவரிடம் சொன்னால் அவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

"என் ஒரு வாக்கால் என்ன ஆகப்போகிறது?"

இந்தக் கேள்விக்கு முன்னால் தயங்காமல் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கானவர்கள் வாக்களிக்கும் தொகுதியில் ஒரே ஒருவரின் வாக்கு முடிவைத் தீர்மானிப்பதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஒரு வாக்கில் முடிவான தேர்தல்கள் நடந்திருக்கின்றன என்பதும் உண்மைதான். 2004-ல் கர்நாடக சட்டமன்றத்துக்கு நடந்த தேர்தலில் சந்தேமரஹள்ளி தொகுதியில் ஏ. ஆர். கிருஷ்ணமூர்த்தி 40,751 வாக்குகள் பெற்று, 40,752 வாக்குகள் பெற்ற ஆர். துருவநாராயணாவிடம் தோற்றார். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 2017-ல் நடந்த தேர்தலில் ஒரு தொகுதியின் இரு வேட்பாளர்களும் ஆளுக்கு 11,608 வாக்குகள் பெற்றதால், அவர்களது பெயர்களை இரண்டு ஃபிலிம் சுருள் டப்பாக்களுக்குள் இட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டு, அதிலிருந்து ஒன்றை எடுத்து வெற்றியாளரை அறிவித்தார்கள். அந்தச் சீட்டில் வந்த பெயரால் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையில் ஒரு கட்சிக்குப் பெரும்பான்மையா, இரு கட்சிகளும் சரிசமமா என்பதே முடிவாயிற்று. இந்தக் கதைகளைச் சொல்லலாம், கேட்பதற்குச் சுவையாகவும் இருக்கும். ஆனால் வாதத்தை இவற்றின்மேல் நிறுத்தாதீர்கள். "நம் தொகுதியில் அப்படி எப்போதாவது நடந்திருக்கிறதா?" என்று அவர் கேட்டுவிட்டால் உங்களிடம் பதில் இராது.

வலுவான வாதம் வேறு இடத்தில் இருக்கிறது. வெற்றி தோல்விக்கு அப்பால், எந்தப் பிரிவு மக்கள் வாக்குச்சாவடிக்கு வருகிறார்கள், எந்தப் பிரிவினர் வருவதில்லை என்பதை ஆட்சியில் இருப்பவர்களும் ஆட்சிக்கு வர நினைப்பவர்களும் கூர்ந்து கவனிக்கிறார்கள். வராதவர்களுக்காகப் பணம் செலவழிப்பதில் அவர்களுக்கு ஆதாயம் இல்லை. இது வெறும் ஊகம் என்று அவர் சொன்னால், வரலாற்றிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காட்டலாம்.

அமெரிக்காவில் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது 1920-ல். மறு ஆண்டே, 1921-ல், தாய் சேய் நலத்துக்கு மத்திய அரசு நிதி வழங்கும் சட்டம் நிறைவேறியது. புதிதாக வரும் பெண் வாக்காளர்கள் ஒன்றுதிரண்டு தங்களைத் தண்டித்துவிடுவார்களோ என்று அரசியல்வாதிகளுக்கு இருந்த அச்சம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். வெவ்வேறு மாநிலங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் பெண்களுக்கு வாக்குரிமை அளித்ததை ஒப்பிட்டு ஆராய்ந்த பொருளியலாளர் கிராண்ட் மில்லர், வாக்குரிமை வந்த இடங்களில் பொதுச் சுகாதாரச் செலவு உயர்ந்ததையும், குழந்தை இறப்பு 8 முதல் 15 விழுக்காடு வரை குறைந்ததையும் கண்டார். பெண்கள் ஒரே அணியாக வாக்களிப்பதில்லை என்பது சில தேர்தல்களில் தெளிவான பிறகு அரசியல்வாதிகளின் அச்சம் தணிந்தது. அந்த 1921-ஆம் ஆண்டுச் சட்டமும் 1929-ல் காலாவதியாக விடப்பட்டது. இந்தப் பின்பாதியையும் விடாமல் சொல்லுங்கள். உரிமை கிடைத்ததோடு கதை முடிந்துவிடுவதில்லை, அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதற்கு அதுவே சான்று.

இரண்டாவது எடுத்துக்காட்டு பிரேசிலைச் சேர்ந்தது. என் மதிப்பீட்டில் இதுவே இன்னும் கூர்மையானது. அங்கே முன்பு வாக்காளர் தாம் விரும்பும் வேட்பாளரின் பெயரையோ எண்ணையோ காகிதத்தில் தாமே எழுத வேண்டியிருந்தது. அதிகம் படிக்காத ஏழைகள் வரிசையில் நின்று வாக்களித்த பிறகும் எழுத்துப் பிழையாலும் தவறான கட்டத்தில் எழுதியதாலும் அவர்களின் வாக்குகள் ஏராளமாகச் செல்லாதவையாகின. 1990-களின் பிற்பகுதியில் மின்னணு இயந்திரம் வந்தது. எண்ணை அழுத்தினால் வேட்பாளரின் படம் திரையில் தோன்றும். சரிதான் என்றால் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். 1998-ஆம் ஆண்டுத் தேர்தலில் 40,500-க்கு மேல் வாக்காளர்கள் கொண்ட நகராட்சிகளில் மட்டும் இந்த இயந்திரம் வைக்கப்பட்டதால், அந்த எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் என்ன நடந்தது என்பதை ஒப்பிட முடிந்தது. பொருளியலாளர் தாமஸ் ஃபுஜிவாரா அப்படி ஒப்பிட்டபோது, செல்லாத வாக்குகள் குறைந்ததையும், அதைத் தொடர்ந்து ஏழைகள் பெரிதும் நம்பியிருக்கும் பொது மருத்துவத்துக்கான செலவு உயர்ந்ததையும், படிப்பறிவு குறைந்த தாய்மார்கள் கருவுற்றிருக்கும்போது மருத்துவரைப் பார்க்கும் முறைகள் கூடியதையும், அவர்களுக்கு எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது தணிந்ததையும் கண்டார். அந்த வாக்குகளில் எந்த ஒன்றும் தனியாக நின்று எதையும் தீர்மானிக்கவில்லை. எண்ணப்படாமல் இருந்தவர்கள் எண்ணப்பட்டார்கள். பணம் அவர்கள் பக்கம் நகர்ந்தது.

இதைச் சொன்ன பிறகு அவரிடம் ஓர் எளிய கணக்கைப் போட்டுக் காட்டலாம். 1,000 பேர் உள்ள இடத்தில் எல்லாரும் வந்தால், இருவர் மோதும் போட்டியில் ஒருவர் வெல்ல 501 பேரின் ஆதரவு வேண்டும். 400 பேர் வீட்டில் இருந்துவிட்டால் 301 பேர் போதும். வராத அந்த 400 பேர் நடுநிலை வகிப்பதாக நினைத்துக்கொள்ளலாம். உண்மையில் அவர்கள் மற்ற 600 பேரின் கையில் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

"யார் வந்தாலும் ஒன்றுதான்"

இப்படிச் சொல்பவர் பெரும்பாலும் அனுபவத்திலிருந்து பேசுகிறார். அவரை மறுத்து, உங்கள் வேட்பாளர் எவ்வளவு நல்லவர் என்று விளக்கத் தொடங்குவதுதான் இந்த உரையாடலில் செய்யக்கூடிய மிகப் பெரிய பிழை. நல்லவரைத் தேர்ந்தெடுப்பதைக் காட்டிலும், ஆட்சியில் இருப்பவரை இரத்தம் சிந்தாமல் வீட்டுக்கு அனுப்புவதுதான் தேர்தலின் முதல் பயன் என்ற இடத்துக்குப் பேச்சைக் கொண்டுவாருங்கள்.

காம்பியா என்ற சிறிய மேற்கு ஆப்பிரிக்க நாட்டில் நீண்ட காலமாகக் கோலிக்குண்டுகளைக் கொண்டு வாக்களிக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தடையின்றி வாக்களிக்க 1960-களில் ஏற்பட்ட முறை அது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனி நிறம் பூசிய ஓர் உலோகப் பீப்பாய் உண்டு. அதன்மேல் அவரது படம் ஒட்டியிருக்கும். வாக்காளர் மறைவுக்குப் பின்னால் சென்று, தமக்குத் தரப்பட்ட ஒரே ஒரு கோலியை விரும்பிய பீப்பாயின் குழாய்க்குள் போட்டால் உள்ளே மணி அடிக்கும். வெளியே அமர்ந்திருக்கும் அலுவலருக்கு அந்த ஓசை கேட்பதால், இரண்டாவது மணி ஒலித்தால் யாரோ இரண்டு முறை போடுகிறார் என்று தெரிந்துவிடும். எண்ணும்போது 200 அல்லது 500 குழிகள் கொண்ட தட்டுகளில் கோலிகளைக் கொட்டிப் பரப்புகிறார்கள். 1994-ல் இராணுவப் புரட்சியின் மூலம் ஆட்சியைப் பிடித்து 22 ஆண்டுகள் அதை விடாமல் வைத்திருந்த யாஹ்யா ஜாம்மே, 2016 டிசம்பரில் இந்தக் கோலிகளால் அடாமா பாரோவிடம் தோற்றார். முதலில் தோல்வியை ஏற்றார், பிறகு மறுத்தார்; அண்டை நாடுகள் படையுடன் நெருக்கியதும் 2017 ஜனவரியில் நாட்டை விட்டு வெளியேறினார். அண்டை நாடுகள் தலையிடுவதற்கு ஒரு நியாயம் கிடைத்தது அந்த எண்ணிக்கையால்தான்.

நெருக்கடி நிலைக்குப் பிறகு 1977-ல் இந்தியாவில் நடந்த தேர்தலையும் குறிப்பிடலாம். பிரதமராக இருந்த இந்திரா காந்தி தம் ரேபரேலி தொகுதியிலேயே ராஜ் நாராயணிடம் தோற்று, பதவியை விட்டு விலகினார். மறுபடியும் தேர்தலில் வென்றுதான் 1980-ல் அவரால் திரும்பி வர முடிந்தது.

பதவி பறிபோகலாம் என்ற அச்சம், அது பறிபோகும் நாளுக்கு நெடுங்காலம் முன்பிருந்தே வேலை செய்கிறது. இயங்கும் ஜனநாயகமும் சுதந்திரமான பத்திரிகைகளும் உள்ள நாடுகளில் பெரும் பஞ்சம் ஏற்பட்டதில்லை என்று அமர்த்தியா சென் சுட்டிக்காட்டியதன் அடிப்படை இதுதான். 1943-ல் வங்காளத்தில் பல லட்சம் பேர் மாண்டபோது, மாள்பவர்களின் வாக்குக்கு அஞ்ச வேண்டிய நிலையில் அன்றைய காலனி ஆட்சி இல்லை. 1959 முதல் 1961 வரை சீனாவில் அதைவிடப் பன்மடங்கு மக்கள் பசியால் இறந்தபோதும் ஆட்சியை மாற்ற அங்கே தேர்தல் கிடையாது. விளைச்சல் குறைவது எல்லா நாடுகளிலும் நடக்கிறது. தானியத்தை உரிய நேரத்தில் அனுப்பாவிட்டால் தன் பதவி போய்விடும் என்று நினைக்கும் அரசு அதை அனுப்புகிறது.

இதற்குப் பிறகும் போட்டியிடும் ஒருவரையும் பிடிக்கவில்லை என்றால், அதைப் பதிவு செய்யும் வழி அவரது நாட்டில் உண்டா என்று பாருங்கள். இந்தியாவில் 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து "மேற்கண்ட எவருமில்லை" என்ற பொத்தான் வந்தது. அதற்கு எத்தனை வாக்குகள் விழுந்தாலும் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் வேட்பாளர்களுள் அதிக வாக்கு பெற்றவரே வென்றவர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்படியானால் அதனால் என்ன பயன் என்று கேட்பார். அதிருப்தியால் வராதவர், சோம்பலால் வராதவர், வெளியூர் போனதால் வராதவர் ஆகிய மூவரும் பதிவேட்டில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். அந்தப் பொத்தானை அழுத்தியவரின் அதிருப்தி மட்டுமே எண்ணாக வெளிவருகிறது.

"எல்லாம் ஏமாற்று வேலை"

இந்த ஐயத்தைக் கேலி செய்யாதீர்கள், ஏனெனில் ஏமாற்றுத் தேர்தல்கள் நிறைய நடந்திருக்கின்றன. லைபீரியாவில் 1927-ல் தகுதியுள்ள வாக்காளர்கள் சுமார் 15,000 பேர்தான். வென்றதாக அறிவிக்கப்பட்ட சார்லஸ் கிங்குக்கு விழுந்ததாகச் சொல்லப்பட்ட வாக்குகளோ இரண்டு லட்சத்துக்கும் மேல். சோவியத் ஒன்றியத்தில் பல்லாண்டுகள் ஒரு இடத்துக்கு ஒரே வேட்பாளரை நிறுத்தி, 99 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப்பதிவு என்று அறிவித்தார்கள். ஆகவே, தேர்தல் என்று பெயர் இருப்பதாலேயே அது தேர்தலாகிவிடாது என்பதில் அவரோடு உடன்படுங்கள். பிறகு, தம் ஊர்த் தேர்தலில் எது கெட்டிருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லும்படி கேளுங்கள். ஆட்சியில் இருந்தவர் எப்போதாவது தோற்றிருக்கிறாரா? எதிர்த்து நிற்பவர்கள் சிறைக்குப் போகாமல் பிரசாரம் செய்ய முடிகிறதா? வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் எண்ணிக்கை நடக்கிறதா? தோற்றவர் நீதிமன்றம் போக வழி இருக்கிறதா? இவற்றுக்கெல்லாம் "இல்லை" என்பது பதிலானால் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அங்கே வாக்களிப்பதா புறக்கணிப்பதா என்பது அரசியல் முடிவு, அதை நீங்கள் அவருக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றுக்கு "ஆம்" என்றால், குறைகள் உள்ள ஒரு தேர்தலைப் பற்றித்தான் அவர் பேசுகிறார்.

பணமும் மிரட்டலும் இந்த ஐயத்தின் இன்னொரு முகம். முன்பு பிரிட்டனில் வாக்காளர் பலர் முன்னிலையில் நின்று தம் தேர்வை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிலம் கொடுத்தவரும் வேலை கொடுத்தவரும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அச்சிட்ட சீட்டில் மறைவாகக் குறியிடும் ரகசிய வாக்கெடுப்பை விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகிய இரு குடியேற்றப் பகுதிகள் 1856-ல் தொடங்கிவைத்தன. பிரிட்டன் 1872-ல் அதை ஏற்றது. பணம் கொடுத்தவரால் அந்த மறைப்புக்குள் எட்டிப்பார்க்க முடியாது என்பதை, மிரட்டலுக்கு அஞ்சி வீட்டில் இருப்பவரிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள். குறியிட்ட சீட்டைக் கைபேசியில் படமெடுத்துவர வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்த மறைப்பை உடைப்பதற்காகத்தான் கேட்கிறார்கள். ஐயம் மிக ஆழமாக இருப்பவருக்கு நான் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: வாக்குச்சாவடி முகவராகவோ பார்வையாளராகவோ ஒருமுறை அமர்ந்து பாருங்கள். இயந்திரமும் பெட்டியும் எப்படி முத்திரையிடப்படுகின்றன, கையொப்பங்கள் எங்கே வாங்கப்படுகின்றன, எண்ணிக்கை எப்படி ஒத்துப்பார்க்கப்படுகிறது என்பதையெல்லாம் நேரில் பார்த்தவரின் ஐயம் தீர்ந்துவிடலாம். தீராவிட்டாலும் எந்த இடத்தில் ஐயப்பட வேண்டும் என்பதாவது அவருக்குத் தெரியவரும்.

"எனக்கு அரசியல் எதுவும் தெரியாது" என்பவருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. இந்தத் தேர்தல் எந்தப் பதவிக்கானது, அந்தப் பதவியின் அதிகாரத்துக்குள் வரும் விஷயங்களில் தம் வாழ்க்கையைத் தொடுவது எது, அதில் இப்போது பதவியில் இருப்பவர் என்ன செய்தார் என்ற மூன்றையும் தெரிந்துகொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். நகராட்சித் தேர்தலில் வெளியுறவுக் கொள்கையை எடைபோட வேண்டியதில்லை. குறியிடும் முறையையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேலே சொன்ன வர்ஜீனியா தேர்தலில் மறு எண்ணிக்கையின்போது ஒரு வாக்கில் முன்னிலை பெற்றிருந்தவர் அதை இழந்தது ஒரே ஒரு சீட்டால். அதில் வாக்காளர் இரு வேட்பாளர்களின் வட்டங்களையும் நிரப்பிவிட்டு, ஒன்றின்மேல் கோடு கிழித்திருந்தார். அவர் மனத்தில் இருந்தது யார் என்பதை நீதிபதிகள் உட்கார்ந்து தீர்மானிக்க நேர்ந்தது.

பேசும் முறையும் பேச்சுக்குப் பிந்தைய வேலையும்

காரணங்களைச் சொல்லிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1998-ல் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரு அரசியல் அறிஞர்கள் நடத்திய சோதனையில், வீட்டுக்கு நேரில் சென்று பேசியபோது வாக்குப்பதிவு குறிப்பிடத்தக்க அளவு கூடியது. அஞ்சலில் வந்த வேண்டுகோள் சிறிதளவே உதவியது. தொலைபேசி அழைப்புகள் பயன்படவில்லை. எனவே குழுவுக்கு ஒரு செய்தியை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடாமல், எதிரே உட்கார்ந்து பேசுங்கள். வெட்கப்படுத்தும் வழியைத் தவிர்த்துவிடுங்கள். யார் வாக்களித்தார், யார் வாக்களிக்கவில்லை என்பதை அண்டை வீட்டாருக்குத் தெரிவிப்போம் என்று கடிதம் அனுப்பினால் வாக்குப்பதிவு கூடுகிறது என்பதும் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் அப்படிப் பேசிவிட்டு மறுநாள் அதே மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்.

அவர் "சரி, பார்க்கலாம்" என்று சொல்லும் கட்டத்தில், எத்தனை மணிக்குப் போவார், எங்கிருந்து கிளம்புவார், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருப்பார் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். 2008-ல் பென்சில்வேனியாவில் நடந்த ஒரு சோதனையில், இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்கள் வாக்களிக்கச் சென்ற விகிதம் உயர்ந்தது. வாக்குரிமை உள்ளவர் ஒருவர் மட்டுமே இருக்கும் வீடுகளில் அந்த உயர்வு கூடுதலாக இருந்தது. பல குடும்பங்களில் மறுப்பு என்று தோன்றுவது உண்மையில் நேரமின்மைதான். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, வேலை முறையை யார் மாற்றிக்கொடுப்பது, முதியவரை வரிசையில் நிற்காமல் எப்படி உள்ளே அழைத்துச் செல்வது என்பவற்றுக்கு வழி செய்துகொடுத்தால் கொள்கை விவாதமே தேவைப்படாமல் போகலாம். முதல் முறையாக வாக்களிக்கும் வயதில் உள்ளவர்மீது இந்த உழைப்பைச் செலவிடுவது நல்லது. ஒரு தேர்தலில் வாக்களித்தவர் அடுத்ததிலும் வாக்களிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் தெரியவந்த செய்தி.

எல்லாவற்றுக்கும் முன்னால் வாக்காளர் பட்டியல் இருக்கிறது. இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951–52-ல் நடந்தபோது சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து விடுபட்டன. பட்டியல் தயாரிக்க வந்தவர்களிடம் அவர்கள் தம் சொந்தப் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்திருந்ததே காரணம். உரிமை சட்டப் புத்தகத்தில் முழுமையாக இருந்தும் அந்தத் தேர்தலில் அவர்களால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. வீடு மாறியவர், திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர், பெயரின் எழுத்தில் பிழை உள்ளவர் ஆகியோர் இன்றும் வாக்குச்சாவடி வாசலில் போய் நின்ற பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். பெயர் சேர்ப்பதற்கான கடைசி நாள் வாக்குப்பதிவுக்குப் பல நாட்கள் முன்பே முடிந்துவிடும் நாடுகள் ஏராளம். ஆகவே, எவ்வளவு பேசியும் அவர் மனம் மாறவில்லை என்றால் வாதத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, பட்டியலில் பெயர் சரியாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துவைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். வாக்குப்பதிவு நாளன்று மாலை அவர் மனம் மாறினால், சாவடி மூடும் நேரம் வரை போய்வரலாம்.